மூன்று மணிக்கு மேல் கூடும் பிழைகள்: அலுவலகத்தில் இடைவேளை எப்போது, எவ்வளவு?

கேள்வி: திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தின் ஆவணப் பிரிவுக்கு நான் பொறுப்பாளர். என்னுடன் ஆறு பேர் வேலை செய்கிறார்கள். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஜாப் ஒர்க் செலான், இ-வே பில் எல்லாம் எங்கள் கணினிகளில்தான் ஏறுகின்றன. காலை ஒன்பதரை முதல் இரவு ஏழு மணி வரை வேலை. மதியச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் உண்டு. டீ இருக்கைக்கே வந்துவிடும். மூன்று மணிக்கு மேல் அட்டைப்பெட்டி எண், சைஸ் வாரியான பீஸ் எண்ணிக்கை, வண்டி எண் என்று பிழைகள் கூடிக்கொண்டே போகின்றன. நடுவில் இடைவேளை விடலாம் என்று சொன்னால், எழுந்து போனால் வேலை நின்றுவிடும் என்கிறார் எங்கள் முதலாளி. உண்மையிலேயே வேலையின் அளவு குறையுமா? விடுவதென்றால் எத்தனை முறை, எவ்வளவு நேரம்?

பதில்: உங்கள் முதல் கேள்விக்கு, ஏறத்தாழ உங்கள் பிரிவைப் போன்ற ஓர் இடத்திலேயே விடை தேடியிருக்கிறார்கள் என்பதால் அங்கிருந்து தொடங்குகிறேன். அமெரிக்க வருமான வரித் துறையில் படிவங்களைக் கணினியில் ஏற்றும் பணியாளர்களிடம் நடத்தப்பட்ட கள ஆய்வு ஒன்று 2000ஆம் ஆண்டில் வெளியானது. அவர்களுக்கு வழக்கமாக மதிய உணவு நேரமும், காலையிலும் பிற்பகலிலும் தலா ஒரு 15 நிமிட இடைவேளையும் இருந்தன. ஆய்வாளர்கள் இதோடு, இடைவேளையே இல்லாத ஒவ்வொரு மணி நேரத்திலும் ஐந்து நிமிடம் கூடுதலாகக் கொடுத்தார்கள். ஆக, நாளொன்றுக்கு 20 நிமிட வேலை நேரம் குறைந்தது. அதே ஆட்கள் சில வாரம் பழைய முறையிலும் சில வாரம் புதிய முறையிலும் வேலை செய்தார்கள். கண் எரிச்சலும் கழுத்து, முதுகு, கை வலிகளும் புதிய முறையில் குறைந்தன. ஏற்றப்பட்ட பதிவுகளின் அளவு குறையவில்லை. அதே குழுவினர் 2007இல் வெளியிட்ட தொடர் ஆய்வில் காரணமும் தெரிந்தது: இடைவேளை கூடியபோது தட்டச்சின் வேகமும் கூடியது, அதனால் போன 20 நிமிடம் ஈடுகட்டப்பட்டுவிட்டது.

ஆகவே, வேலை நின்றுவிடும் என்ற அச்சத்துக்கு உங்கள் வகை வேலையில் ஆதாரம் இல்லை என்று துணிந்து சொல்லலாம். ஆனால் முதலாளியிடம் பேசும்போது இதற்கு மேல் ஓர் அடி எடுத்து வைத்து, இடைவேளை விட்டால் உற்பத்தி பெருகும் என்று வாக்குறுதி கொடுத்துவிடாதீர்கள். பத்து நிமிடத்துக்கு மிகாத சிறு இடைவேளைகளைப் பற்றிய ஆய்வுகளை, 2,335 பேர் பங்குபெற்ற 22 தரவுத் தொகுப்புகளை, ருமேனிய ஆய்வாளர்கள் ஒன்றுசேர்த்து அலசி 2022இல் வெளியிட்டார்கள். களைப்பு குறைவதும் உற்சாகம் கூடுவதும் அதில் தெளிவாகத் தெரிந்தன. வேலையின் தரமும் அளவும் ஒட்டுமொத்தமாக உயர்ந்தனவா என்று பார்த்தபோது, அந்த விளைவு உறுதியாகத் தெரியவில்லை. எழுத்தர் பணி போன்றவற்றில் பயன் இருந்தது, கடுமையாக யோசிக்க வேண்டிய வேலைகளில் பத்து நிமிடம் போதவில்லை. இந்த வேறுபாடு உங்களுக்கும் பயன்படும். செலான் ஏற்றுகிறவருக்கு ஐந்து நிமிடம் போதும். வங்கிக்குப் போகும் ஆவணங்களை, வாங்குபவரின் வங்கி பணம் தருவதாக உறுதி கூறும் கடன் உறுதிக் கடிதத்தின் (எல்.சி.) நிபந்தனைகளோடு வரிக்கு வரி ஒப்பிட்டு முடித்தவருக்கு அது போதாது. அவர் கால் மணி நேரமாவது வேறு உலகத்தில் இருந்துவிட்டு வர வேண்டும்.

பிழைகள் ஏன் நேரம் போகப் போகக் கூடுகின்றன என்பது பழைய கேள்வி. இரண்டாம் உலகப் போரில், கடலுக்கு மேல் பறந்தபடி ராடார் திரையில் எதிரி நீர்மூழ்கிகளைத் தேடிய பிரிட்டிஷ் விமானப்படையினர், பணி தொடங்கிச் சிறிது நேரத்திலேயே திரையில் தெரியும் புள்ளிகளைத் தவறவிடத் தொடங்கினார்கள். இதை ஆராய்ந்த கேம்பிரிட்ஜ் உளவியலாளர் நார்மன் மேக்வொர்த், எண்களே இல்லாத ஒரு கடிகார முகத்தைச் செய்து வைத்தார். அதன் முள் ஒவ்வொரு நொடிக்கும் ஓர் அடி நகரும். எப்போதாவது ஒரு முறை இரண்டடி தாவும். அந்தத் தாவலைக் கண்டதும் பொத்தானை அழுத்த வேண்டும், அவ்வளவுதான் வேலை. இரண்டு மணி நேரச் சோதனையில், முதல் அரை மணி நேரம் முடிந்தவுடனேயே கண்டுபிடிக்கும் திறன் இறங்கிவிட்டது என்று 1948இல் அவர் எழுதினார். அரை மணி வேலை, அரை மணி ஓய்வு என்று மாற்றி மாற்றிக் கொடுத்தபோது அந்த இறக்கம் ஏற்படவில்லை.

பேக்கிங் லிஸ்ட் சரிபார்ப்பது இதே வகை வேலைதான். நூறு வரிகள் சரியாக இருக்கும். நூற்றோராவது வரியில் எம் சைஸுக்கான எண்ணிக்கை எல் சைஸில் ஏறியிருக்கும். அரிதாக வரும் பிழைக்காகக் காத்திருக்கும் மனம் சலிக்கிறது. இந்தச் சலிப்பை இரண்டு விதமாக விளக்குகிறார்கள். கவனம் செலவாகித் தீர்ந்துபோகிறது, ஓய்வு அதை நிரப்புகிறது என்பது ஒன்று. மாறாமல் இருக்கும் குறிக்கோளுக்கு மனம் பழகிப்போய் அதை உணராமலே போகிறது, சற்றே விலகித் திரும்பினால் அது மறுபடி புலப்படுகிறது என்பது மற்றொன்று. இரண்டாவது விளக்கத்தை முன்வைத்த இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல், 50 நிமிடச் சோதனை ஒன்றின் நடுவே இரு முறை மிகச் சுருக்கமாக வேறொரு வேலைக்குத் திருப்பப்பட்டவர்களிடம் கவனம் இறங்கவில்லை என்று காட்டினார்கள். பின்னர் நியூசிலாந்தில் செய்த ஒப்பீட்டில், வேலையை மாற்றிக் கொடுப்பதைவிட முழு ஓய்வே அதிகம் மீட்டுத் தந்தது. எந்த விளக்கம் சரி என்பது கோட்பாட்டாளர்களின் வழக்கு. உங்கள் மேசையைப் பொறுத்தவரை, வேலை மாற்றம் உதவும், ஓய்வு அதைவிட உதவும் என்று வைத்துக்கொள்ளலாம்.

மூன்று மணி என்ற நேரத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. உடலின் நாள் சுழற்சியில் பிற்பகல் ஒன்றிலிருந்து நான்கு மணிக்குள் விழிப்புநிலை இயல்பாகவே தாழ்கிறது. சாப்பிடாமல் இருந்தாலும் இந்தத் தாழ்வு வரும். வயிறு நிறையச் சோறு சாப்பிட்டால் கூடுதலாகத் தெரியும். டென்மார்க்கில் பள்ளி மாணவர்களின் ஏறத்தாழ இருபது லட்சம் தேர்வு முடிவுகளை அலசி 2016இல் வெளியான ஓர் ஆய்வில், ஒவ்வொரு மணி நேரம் தாமதமாகத் தேர்வு நடக்கும்போதும் மதிப்பெண் சிறிதளவு இறங்குவதும், தேர்வுக்கு முன் 20 முதல் 30 நிமிட இடைவேளை இருந்தால் அந்த இறக்கம் ஈடுகட்டப்படுவதும் தெரிந்தன. அளவு சிறிதுதான். ஆனால் நாள் முழுதும் ஒரே தரத்தில் ஓடுவதற்கு மனித மூளை தறி இயந்திரம் அல்ல என்பதை அத்தனை பெரிய எண்ணிக்கை ஐயமின்றிக் காட்டிவிடுகிறது.

இடைவேளையை எப்போது விடுவது என்பதில்தான் பெரும்பாலான அலுவலகங்கள் தவறுகின்றன. முடியவில்லை என்று தோன்றிய பிறகு எழுந்து போவதுதான் நம் வழக்கம். காலையில் எழுந்து போகிறவரைச் சோம்பேறி என்றுகூட நினைப்போம். அமெரிக்காவின் பெய்லர் பல்கலைக்கழகத்தில் 95 அலுவலகப் பணியாளர்கள் ஒரு வாரத்தில் எடுத்த இடைவேளைகளைப் பதிவு செய்து பார்த்தபோது, வேலை நாளின் முற்பகுதியில் எடுத்தவையே தெம்பையும் கவனத்தையும் அதிகம் மீட்டுத் தந்தன. நேரம் போகப் போக அதே நீளமுள்ள இடைவேளையின் பயன் குறைந்தது. இது 2016இல் வெளியானது. களைப்பு முற்றிய பிறகு அதை இறக்க நீண்ட நேரம் வேண்டும், களைப்பு ஏறும் முன்பே நிறுத்தினால் சிறிது நேரம் போதும் என்பதே இதன் பொருள். ஆகவே மூன்று மணிப் பிழைக்கான மருந்தின் ஒரு பகுதி காலை பத்தரை மணியில் இருக்கிறது.

எத்தனை முறை என்பதற்கு மந்திர எண் எதுவும் கிடையாது. 25 நிமிட வேலை, 5 நிமிட ஓய்வு என்ற பொமோடோரோ முறை, 1980களின் இறுதியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிய மாணவர் தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரத்தை வைத்துத் தன் படிப்புக்காக வகுத்துக்கொண்டது. தனியாக உட்கார்ந்து எழுதுகிறவருக்கு அது நன்றாகவே ஒத்துவரும். ஆறு பேர் ஒருவர் வேலையை மற்றொருவர் வாங்கிச் செய்யும் பிரிவில், இருபத்தைந்து நிமிடத்துக்கு ஒரு முறை மணியடித்தால் அதுவே தொந்தரவாகும். இறைச்சிப் பதப்படுத்தும் ஆலை ஒன்றில் 2001இல் வெளியான ஆய்வுக்காக நாளொன்றுக்கு 36 நிமிடக் கூடுதல் ஓய்வை இரண்டு விதமாகப் பிரித்துக் கொடுத்துப் பார்த்தார்கள்: மூன்று நிமிடம் வீதம் பன்னிரண்டு இடைவேளைகள் ஒரு விதம், ஒன்பது நிமிடம் வீதம் நான்கு இடைவேளைகள் மற்றொரு விதம். இரண்டிலும் உற்பத்தி குறையவில்லை. தொழிலாளர்கள் ஒன்பது நிமிடத்தையே விரும்பினார்கள். கையைக் கழுவி, வெளியே வந்து, ஒரு வாய் தண்ணீர் குடிப்பதற்குள் முடிந்துபோகும் ஓய்வை யாரும் ஓய்வாக உணர்வதில்லை.

இவற்றை வைத்து உங்கள் பிரிவுக்கு நான் சொல்லும் அட்டவணை இது. காலை 11:15க்கும் மாலை 4:15க்கும் பதினைந்து நிமிடத் தேநீர் நேரம், கண்டிப்பாக இருக்கையை விட்டு எழுந்துபோய்க் குடிக்க வேண்டும். காலை 10:30, மதியம் 12:15, பிற்பகல் 3:00, மாலை 5:30 ஆகிய நேரங்களில் ஐந்து நிமிடம். மொத்தம் 50 நிமிடம் ஆகிறது. முதலாளி இந்த ஐம்பதை முழுக்க இழப்பாகக் கணக்கிடுவார். ஆனால் தேநீர்க் கோப்பை கையில் இருக்கும்போது விசைப்பலகையில் இரண்டு கைகளும் இருப்பதில்லை, அந்த நேரம் இப்போதும் போய்க்கொண்டுதான் இருக்கிறது, ஓய்வாக மட்டும் கணக்கில் வருவதில்லை. தொலைபேசியை எடுக்க ஆள் வேண்டும் என்பதால் மூன்று மூன்று பேராக, ஒரு குழு திரும்பிய பிறகு அடுத்த குழு என்று அனுப்புங்கள். அரை வரியில் நிறுத்தி எழுந்துபோகச் சொல்லாதீர்கள். கையிலிருக்கும் செலானை முடித்துவிட்டு எழுவதால் சில நிமிடம் முன்பின் ஆனால் ஒன்றும் கெட்டுவிடாது.

மதியச் சாப்பாட்டு நேரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது சலுகை சார்ந்த விஷயம் அல்ல. 1947ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், நான்கு மணி நேர வேலைக்குப் பிறகு ஒரு மணி நேரமாவது ஓய்வு இடைவேளை விடாமல் வேலை வாங்கக் கூடாது என்கிறது. நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது இயல்பான வேலை வரம்பு. தொழிற்சாலையின் எழுத்தர் பிரிவையும் அந்தச் சட்டம் வணிக நிறுவனம் என்ற வரையறைக்குள் கொண்டுவருகிறது. உங்கள் அலுவலகம் ஆலை வளாகத்துக்குள்ளேயே இயங்கினால் பொருந்தும் விதி மாறலாம் என்பதால், நிறுவனத்தின் தொழிலாளர் சட்ட ஆலோசகரிடம் ஒரு முறை உறுதி செய்துகொள்ளுங்கள். சாப்பாட்டை ஒரு மணி நேரமாக்கி, மேலே சொன்ன 50 நிமிடத்தையும் கழித்தால், ஒன்பதரை முதல் ஏழு வரையிலான நாளில் 7 மணி 40 நிமிடம் வேலை நடக்கும். இப்போது நடப்பதாகக் கணக்கில் இருக்கும் 9 மணி நேரத்தில், திருத்துவதற்கும் மறுபடி அச்சிடுவதற்கும் எத்தனை போகிறது என்பது உங்களுக்கே தெரியும்.

அந்த ஐந்து நிமிடத்தில் என்ன செய்வது என்பதும் முக்கியம். நம் ஆட்கள் இடைவேளை என்றதும் கைபேசியை எடுப்பார்கள். ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் 414 மாணவர்களுக்குச் சொற்புதிர்களைக் கொடுத்து, நடுவில் சிலரைக் கைபேசியிலும் சிலரைக் கணினியிலும் சிலரைக் காகிதத்திலும் வேறு பொருள்களைப் பார்க்கவைத்து, சிலருக்கு இடைவேளையே கொடுக்காமல் ஒப்பிட்டார்கள். கைபேசியைப் பார்த்துவிட்டு வந்தவர்கள், மற்ற வகை இடைவேளை எடுத்தவர்களைவிட மீதி வேலைக்கு 19 விழுக்காடு அதிக நேரம் எடுத்து, 22 விழுக்காடு குறைவான புதிர்களையே விடுவித்தார்கள். இடைவேளையே எடுக்காதவர்களின் நிலைக்கு அது ஏறத்தாழச் சமம். நாள் முழுதும் எழுத்தையும் எண்ணையும் பார்த்த கண்ணுக்கு, இன்னும் சிறிய எழுத்தைக் காட்டுவது எப்படி ஓய்வாகும்? திரையை உற்றுப் பார்க்கும்போது இமைப்பது வெகுவாகக் குறைந்து கண் உலர்கிறது. ஜன்னலுக்கோ மாடி வராந்தாவுக்கோ போய்த் தொலைவில் உள்ள எதையாவது பார்த்தாலே அது சரியாகத் தொடங்கும். இருபது நிமிடத்துக்கு ஒரு முறை இருபது அடிக்கு அப்பால் இருபது நொடி பார்க்கச் சொல்லும் வழக்கு, நினைவில் நிற்பதற்காக அமைந்த எண்கள் கொண்டது. துல்லியத்தைப் பற்றிக் கவலைப்படாமல் கருத்தை எடுத்துக்கொள்ளலாம். நடப்பது நல்லது. உடற்பயிற்சி செய்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தாதீர்கள்: முன்பு சொன்ன 2007ஆம் ஆண்டு ஆய்விலேயே, கை கால்களை நீட்டி மடக்கச் சொல்லப்பட்டவர்கள் பாதிக்கும் குறைவான இடைவேளைகளில்தான் அதைச் செய்தார்கள்.

கட்டாயம் என்பதே இங்கு ஒத்துவராது. டொரண்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் ட்ரூகாகோஸ் குழுவினர் 2014இல் வெளியிட்ட மதிய உணவு நேர ஆய்வில், சக பணியாளர்களோடு பேசிப் பழகும் நேரம்கூட, அதைத் தாங்களே விரும்பித் தேர்ந்தெடுக்காதபோது நாளிறுதிக் களைப்பைக் கூட்டியது. மேலாளரோடு ஒரே மேசையில் அமர்ந்து சாப்பிடும் பழக்கம் உங்கள் பிரிவில் இருந்தால், அன்போடுதான் செய்கிறீர்கள் என்றாலும், சில நாள்கள் அவர்களைத் தனியே விடுங்கள்.

இடைவேளைக்கும் குறுக்கீட்டுக்கும் உள்ள வேறுபாட்டை முதலாளி ஒப்புக்கொள்ள மாட்டார். நாள் முழுக்க வாட்ஸப் பார்க்கிறார்கள், அது இடைவேளை இல்லையா என்று கேட்பார். இல்லை. குடோனிலிருந்து வரும் அழைப்பு, டிரைவர் அனுப்பும் புகைப்படம், மெர்ச்சன்டைசர் கேட்கும் அவசரத் தகவல் ஆகியவை தாங்களாக வந்து வேலையை முறிப்பவை. பாதியில் விட்ட வேலையின் மிச்சம் மனத்தில் ஒட்டிக்கொண்டு அடுத்த வேலையின் கவனத்தைப் பறிக்கிறது என்று ஆய்வாளர் சோஃபி லெராய் 2009இல் காட்டினார். விட்ட இடத்தையும் அடுத்துச் செய்ய வேண்டியதையும் ஒரு வரி குறித்து வைத்தால் அந்த ஒட்டுதல் தளர்கிறது என்பது அவருடைய பிற்கால ஆய்வு. எழும் முன் "ஸ்டைல் 3, பெட்டி 41 வரை முடிந்தது" என்று ஒரு தாளில் எழுதிவைக்கும் பழக்கத்தைக் கொண்டுவாருங்கள். குடோன் அழைப்புகளை மூன்று மணி முதல் நாலே கால் வரை ஒருவரே எடுப்பது, மற்ற ஐவர் எடுக்காமல் இருப்பது என்று முறை வையுங்கள்.

வேலையை அடுக்கும் வரிசையிலும் கொஞ்சம் கை வைக்கலாம். இ-வே பில் ஒரு முறை உருவாகிவிட்டால் அதில் சரக்கு விவரங்களைத் திருத்த முடியாது. 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்து புதிதாகத்தான் எடுக்க வேண்டும். இப்படித் திருத்தச் செலவு அதிகமான பதிவுகளில் முன்கூட்டியே தெரிந்தவற்றை மதியத்துக்கு முன்பாக முடித்துவிட்டு, கோப்பு அடுக்குவது, நினைவூட்டல் அனுப்புவது, நிலுவை விசாரிப்பது போன்றவற்றை இரண்டரைக்கு மேல் தள்ளுங்கள். மாலையில்தான் வண்டி ஏறும் என்றால், அந்த பில்லை உருவாக்கியவரை விட்டுவிட்டு, இடைவேளை முடிந்து அப்போதுதான் திரும்பிய ஒருவரைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

முதலாளியை ஆய்வுகளைக் காட்டி வழிக்குக் கொண்டுவர முடியும் என்று நான் நம்பவில்லை. உங்கள் சொந்தக் கணக்கைக் காட்டினால் முடியும். முதலில் இரண்டு வாரம் எதையும் மாற்றாமல், கண்டுபிடிக்கப்பட்ட ஒவ்வொரு பிழையும் எந்த மணி நேரத்தில் ஏறியது என்று மட்டும் குறியுங்கள். யார் செய்தது என்று எழுதாதீர்கள். எழுதினால் பிழைகள் மறைக்கப்படும், கணக்கு பயனற்றுப் போகும். பிறகு புதிய அட்டவணையில் ஆறு வாரம் அதே போலக் குறியுங்கள். இரண்டு வாரத்தோடு நிறுத்த வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. சிகாகோவுக்கு அருகிலிருந்த ஹாதார்ன் ஆலையில் 1927 முதல் நடந்த புகழ்பெற்ற சோதனைகளில், ஓய்வு நேரம் கொடுத்தபோது உற்பத்தி உயர்ந்தது. ஆனால் ஓய்வு காரணமா, தங்கள்மேல் தனிக் கவனம் விழுந்ததும் ஊதிய முறை மாறியதும் காரணமா என்று இன்றுவரை வாதாடுகிறார்கள். புதுமையின் உற்சாகம் அடங்கிய பிறகும் பிழை குறைந்தே இருந்தால்தான் அது இடைவேளையின் பயன். மாதக் கடைசியையும் ஷிப்மென்ட் நெருக்கும் வாரத்தையும் சாதாரண வாரத்தோடு ஒப்பிடாதீர்கள்.

ஷிப்மென்ட் நெருக்கும்போது என்ன செய்வது என்று அடுத்துக் கேட்பீர்கள். ஒன்றரை ஷிப்ட் ஓடும் நாள்களில் முதலில் வெட்டப்படுவது இடைவேளைதான், அந்த நாள்களின் பிழைதான் அதிகச் செலவு வைப்பதும். இரவு ஏழுக்கு மேல் வேலை நீண்டால், நீட்டிப்பு தொடங்கும் முன் எதையாவது சாப்பிட இருபது நிமிடம் கொடுத்துவிட்டுத் தொடங்குங்கள். அதன் பிறகு ஐம்பது நிமிடத்துக்கு ஒரு முறை ஐந்து நிமிடம். ஏழு மணிக்கு மேல் டீ, காப்பி வேண்டாம்: காஃபீனின் பாதி உடலை விட்டு நீங்கவே ஏறத்தாழ ஐந்து மணி நேரமாகும், அது இரவுத் தூக்கத்தில் கை வைத்து மறுநாள் காலைப் பிழையாக வந்து நிற்கும்.

கணக்கெடுத்த பிறகும் ஒருவருடைய பிழைகள் காலை பத்து மணிக்கே அதிகமாக இருந்தால், அவரை இந்த அட்டவணையால் சரிசெய்ய முடியாது. அவரிடம் தனியே, மற்றவர் காதில் விழாமல் பேசுங்கள். நாற்பதைத் தாண்டியவர் என்றால் அருகில் உள்ளதைப் படிக்கக் கண்ணாடி தேவையா என்று கண் மருத்துவரிடம் பார்க்கச் சொல்லுங்கள். சாப்பிட்டதும் கண் சொருகுகிறது, அடிக்கடி தாகம் எடுக்கிறது என்றால் சர்க்கரை அளவைச் சோதிக்க வேண்டும். பலத்த குறட்டையும் பகல் தூக்கமும் சேர்ந்து இருந்தால் தூக்கத்தில் மூச்சுத் தடைபடுகிறதா என்று மருத்துவர் பார்ப்பது அவசியம்.